வெள்ளத்தை விழுங்கும் கிணறும் விழுங்காத மலையும்

ஜவ்வாது மலையில் கிணறு வெட்டியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். இந்த மலை தண்ணீரை லேசில் உள்ளே விடாது. மேலே செம்மண், அதற்குக் கீழே கடப்பாரைக்கு உடையும் மொரம்பு, அதற்கும் கீழே வெடி வைத்தால்தான் அசையும் பாறை. ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை விளையும் மேட்டு நிலங்களில் திறந்தவெளிக் கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தால், இந்த அடுக்குகளை அதன் சுவரிலேயே பார்த்துவிடலாம். பாறையில் எங்காவது ஒரு கீறல் இருக்கும், அந்தக் கீறலில் ஈரம் கசியும். அந்தக் கசிவுதான் ஊற்றுக்கண். பெய்கிற மழையில் பெரும்பங்கு உள்ளே போக வழியில்லாமல் ஓடைகளில் விழுகிறது. செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். மலையின் தண்ணீரை வாரிக்கொண்டு அது பாலாற்றைத் தேடிப் போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றை 2021 கடைசியில் தமிழ்நாடு பார்த்தது. திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைக்கு அருகில் ஆயன்குளம் என்றொரு ஊர். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தென்மாவட்டங்களில் வெளுத்து வாங்கியது. நிரம்பி வழிந்த உபரி வெள்ளத்தை அங்குள்ள ஒரு கிணற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். வாய்க்கால் நிறைய வந்த தண்ணீர் இரவு பகலாக, வாரக்கணக்கில் உள்ளே கொட்டியது. கிணறு நிரம்பவே இல்லை. காணொளி கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. செய்தித்தாள்கள் ‘அதிசயக் கிணறு’ என்று பெயர் சூட்டின. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் ஏறியிருப்பதாக விவசாயிகள் சொன்னார்கள். சென்னை ஐஐடியின் ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள். நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதும், அதை நீர் கரைத்துக் குகைகளும் பாதைகளும் உண்டாக்கியிருப்பதும்தான் இதற்குக் காரணம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அதிசயம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஆனால் மக்கள் வியந்ததில் தவறே இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 10 மீட்டர் விட்டம், 20 மீட்டர் ஆழம் கொண்ட பெரிய வட்டக் கிணறு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 15.7 லட்சம் லிட்டர் பிடிக்கும். வினாடிக்கு ஒரு கன அடி தண்ணீர், பாசன அலுவலகங்களின் பேச்சில் ஒரு கியூசெக், என்பது 28.3 லிட்டர். ஒரு நாளைக்கு அது 24 லட்சம் லிட்டரைத் தாண்டும். அடி அடைபட்ட கிணறாக இருந்தால், ஒரே ஒரு கியூசெக் ஓட்டம் அதை 16 மணி நேரத்துக்குள் நிரப்பி வழியவிட்டுவிடும். ஆயன்குளத்தில் இறங்கியதோ வாய்க்கால் கொள்ளாத வெள்ளம். அவ்வளவும் எங்கோ போயிருக்க வேண்டும்.

எங்கே போனது என்பதைக் கிணற்றின் விளிம்பில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது. சுற்றிலும் உள்ள கிணறுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் நாடாவை இறக்க வேண்டும். நிலத்தடி நீர் அறிவியலில் மிகப் பழையதும் மிக மலிவானதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதுமான வேலை அது.

இந்த வேலையைக் கடினப்பாறை நாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். ஏனென்றால் தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடினப்பாறைதான். ஜவ்வாது மலை அதற்கு நல்ல மாதிரி.

அளவெடுப்பவர்களின் நாள் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். காரணம் மின்சாரம். மும்முனை மின்சாரம் வந்ததும் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கும். ஓடுகிற மோட்டார் கிணற்றின் மட்டத்தை இழுத்துக் கீழே கொண்டுபோய்விடும். அப்போது எடுக்கும் அளவு மோட்டாரின் வலிமையைச் சொல்லுமே தவிர, நிலத்தடி நீரின் நிலையைச் சொல்லாது. அதனால் கிணற்று மேட்டில் ஏறியதும் வரும் முதல் கேள்வி, “அண்ணே, கடைசியா மோட்டார் எப்ப நிறுத்துனீங்க?” என்பதுதான். “நேத்து சாயந்திரமே நிறுத்திட்டேங்க” என்று பதில் வந்தால் நாடாவை எடுக்கலாம். “இப்பதாங்க நிறுத்திட்டு வர்றேன்” என்றால் அந்தக் கிணற்றைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிட்டு அடுத்ததற்கு நடக்க வேண்டும். மலையில் ‘அடுத்தது’ என்பது ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும்.

பழைய கருவி எஃகு நாடா. அதன் அடிப்பகுதியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். தண்ணீரில் மூழ்கிய பகுதியில் சாக்பீஸின் நிறம் மாறியிருக்கும். மேலே பிடித்த அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர் இருக்கும் ஆழம் கிடைத்துவிடும். இப்போது மின்நாடா வந்துவிட்டது. முனையில் உள்ள உணரி தண்ணீரைத் தொட்டதும் மின்சுற்று இணைந்து மேலே ‘பீப்’ என்று கத்தும். ஆழ்துளைக் கிணறுகளில் இது கொஞ்சம் ஏமாற்றவும் செய்யும். கேசிங் குழாயின் உட்சுவரில் வழிகிற நீரைத் தொட்டாலும் கத்தும். ஒரு முறை கத்தினால் நம்பக் கூடாது, ஏற்றி இறக்கி மறுபடி பார்க்க வேண்டும். மோட்டார் வயரில் நாடா சிக்கிக்கொள்வதும் உண்டு. அதை விடுவிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அறிக்கைகளில் வரும் அழகான வரைபடங்களைப் பார்க்கும்போது இந்தப் பாடுகள் கண்ணில் படுவதில்லை.

எந்த நாடாவாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் கைப்பிடிச் சுவரின் அதே புள்ளியிலிருந்துதான் இறக்க வேண்டும். அதற்காகப் பெயின்ட்டால் ஒரு குறி போட்டு வைப்பார்கள். பிறகு சுவரின் உயரத்தைக் கழித்து, ‘தரைமட்டத்துக்குக் கீழே இத்தனை மீட்டர்’ என்று எழுதுவார்கள். இப்படித்தான் மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் உள்ள தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. ஜனவரியில் ஒன்று, கோடையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று. தமிழ்நாட்டின் நீர்வளத் துறைக்கும் தனியாகக் கண்காணிப்புக் கிணறுகள் உண்டு.

மலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு கிணற்றில் 6 மீட்டர் ஆழத்தில் தண்ணீர், இன்னொன்றில் 9 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் என்றால் எது மேலே இருக்கிறது? சொல்ல முடியாது. இரண்டாவது கிணறு மேட்டில் இருந்தால் அதன் நீர்மட்டமே உயரமாக இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு கிணற்று மேட்டின் கடல்மட்ட உயரத்தையும் அளந்து, நீர்மட்டத்தையும் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று மாற்ற வேண்டும். அப்படி மாற்றிய மூன்று கிணறுகள் முக்கோணமாக அமைந்தால் போதும். நிலத்தடி நீர் எந்தத் திசையில் சரிகிறது, எவ்வளவு சரிவு என்பதைப் பள்ளி வடிவியலை வைத்தே கணக்கிட்டுவிடலாம்.

நாடா ‘போன ஆண்டைவிட ஒரு மீட்டர் இறங்கியிருக்கிறது’ என்கிறது. எவ்வளவு தண்ணீர் போயிற்று? இதற்குப் பாறையைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. நிலத்தடி நீரை மதிப்பிட இந்தியாவில் பின்பற்றப்படும் நெறிமுறையில், ஒவ்வொரு மண்ணும் பாறையும் தன் மொத்தக் கனஅளவில் எவ்வளவு பங்கு நீரைக் கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கும் என்பதற்குச் சதவீதங்கள் உண்டு. ஆற்று வண்டல் மணலுக்கு 16. களிமண் அதிகம் சேராத, சிதைந்த நைஸ் பாறைக்கு, அதாவது ஜவ்வாது மலையின் மொரம்புக்கு, 3. கீறல் குறைந்த கெட்டிப் பாறைக்கு 0.3. சாதாரணச் சுண்ணாம்புப் பாறைக்கு 2. கரைந்து குகைவிட்ட சுண்ணாம்புப் பாறைக்கு 8.

இந்த எண்களை ஒரு ஹெக்டேர் நிலத்தில் பொருத்திப் பார்ப்போம். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், காவிரிக் கரை மணலில் போனது 16 லட்சம் லிட்டர். ஜவ்வாது மலையின் மொரம்பில் போனது 3 லட்சம் லிட்டர். அதற்கும் கீழே கெட்டிப் பாறையில் வெறும் 30,000 லிட்டர், மூன்று டேங்கர் லாரி. நாடா மூன்று இடத்திலும் ஒரே எண்ணைத்தான் காட்டியது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மலைக்கிணறுகளின் குணம் விளங்கும். நல்ல மழையில் மட்டம் ‘மளமள’வென்று ஏறும். உள்ளே இடம் குறைவு என்பதால் கொஞ்சம் நீரே மட்டத்தை உயர்த்திக் காட்டிவிடுகிறது. மார்கழி, தை தாண்டியதும் அதே வேகத்தில் இறங்கும். ‘கிணறு நிறைந்துவிட்டது, இந்தக் கோடைக்குக் கவலையில்லை’ என்று கடினப்பாறை நாட்டில் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சரி, இந்த மலையில் ஏன் ஓர் ஆயன்குளம் உருவாகவில்லை? ஜவ்வாது மலையின் நைஸும் சார்னகைட்டும் 250 கோடி ஆண்டு வயதுடைய பாறைகள். வெயிலும் மழையும் அவற்றை உடைக்கும், மக்கவைக்கும். ஆனால் கரைத்துக் காலி செய்யாது. அவற்றில் உள்ள கனிமங்கள் சிதைந்தால் களிமண் மிஞ்சும். அந்தக் களிமண்ணே போய்க் கீறலை அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பாறையின் விதி வேறு. மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக வேரடி மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சோடாவைப் போல லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல் அதில் கரைந்து, பைகார்பனேட்டாக நீரோடு நீராகப் போய்விடும். அடைத்துக்கொள்ள மிச்சம் அதிகம் இருக்காது. ஓராயிரம் ஆண்டில் சில சென்டிமீட்டர்தான் கரையும். பூமியின் காலக் கணக்கில் அது போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முடி அளவு விரிசல்கள் நூறு இருந்தால், அவற்றில் கொஞ்சம் அகலமானது அதிக நீரை இழுக்கும். அதிக நீர் ஓடுவதால் அது இன்னும் அகலும், அகன்றதால் இன்னும் அதிக நீரை இழுக்கும். பக்கத்து விரிசல்கள் பட்டினி கிடக்கும். கடைசியில் பாறைக்குள் ஒரு சில பெரிய பாதைகளும், அவற்றைச் சுற்றித் தண்ணீரே காணாத கெட்டிப் பாறையும் இருக்கும். பாதையின் கூரை மெலிந்து மேல்மண் உள்ளே இறங்கினால், தரையில் வாய் திறக்கும் குழிதான் உறிஞ்சு துளை. கிழக்குத் தொடர்ச்சி மலையிலேயே வடக்கே போனால், ஆந்திரத்தின் அனந்தகிரி மலையில் போரா குகைகள் இருக்கின்றன. அதே மலைத்தொடர்தான், அங்கே சுண்ணாம்புப் பாறை இருக்கிறது, இங்கே இல்லை.

சுண்ணாம்புப் பாறையின் இந்தப் பாதை அமைப்பால் நீர்மட்டம் அளப்பவரின் பாடு பெரும்பாடாகிவிடுகிறது. முக்கோணக் கணக்கு இங்கே கைவிட்டுவிடும். 50 மீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்று பாதையைத் தொட்டிருக்கும், மற்றது கெட்டிப் பாறையில் நிற்கும். இரண்டின் மட்டமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். தொலைவில் இருக்கும் கிணறு முதலில் ஏறும், பக்கத்தில் இருப்பது மறுநாள் சாவகாசமாக ஏறும்.

ஆகவே உறிஞ்சு துளையில் ஒரு நாள் அளவெடுப்பு என்பது, நாடாவும் நோட்டுப் புத்தகமும் மட்டும் கொண்டு முடிகிற வேலை அல்ல. முதலில் உள்ளே எவ்வளவு விழுகிறது என்று தெரிய வேண்டும். வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, மிதக்கும் பொருள் ஒன்றைப் போட்டு, அது குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். மேற்பரப்பில் நீர் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் ஓடும். எனவே கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம். அடுத்தது சுற்றுக் கிணறுகள். மாதத்துக்கு ஒரு முறை அளந்தால், சுண்ணாம்புப் பாறையில் நடந்தது எதுவும் கண்ணில் படாது. அழுத்தத்தை உணர்ந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே எழுதிக்கொள்ளும் கருவியை நீருக்கடியில் தொங்கவிட வேண்டும். அதற்கும் ஒரு துணைக்கருவி வேண்டும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கூடியோ குறைந்தோ காட்டும். அதைக் கழிக்கத் தரையில் ஒரு காற்றழுத்தமானி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம் உப்புச் சோதனை. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் பேனா அளவுக் கருவி இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மழைநீரில் அது பெரும்பாலும் 100 மைக்ரோசீமன்ஸைத் தொடாது. கடல்நீரில் 50,000 அளவில் இருக்கும். திசையன்விளை வட்டாரத்தின் உப்புத் தட்டிய கிணறுகள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கிணற்றில் மட்டம் ஏறி, கூடவே இந்த எண் திடீரென்று சரிந்தால், வெள்ளம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். மட்டம் ஏறியும் எண் அசையவில்லை என்றால், புது வெள்ளம் வரவில்லை, அது பின்னாலிருந்து தள்ளிய பழைய நீர்தான் உயர்ந்திருக்கிறது. ‘எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டது’ என்று ஊரார் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் இந்த இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளும் அடங்கியிருக்கின்றன.

உள்ளே விழுந்த நீர் எங்கே எழுகிறது என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவும் வழி சாயம். 1877 அக்டோபரில் ஜெர்மனியில் அதைச் செய்து காட்டினார்கள். டான்யூப் ஆறு இம்மெண்டிங்கன் என்ற ஊருக்கு அருகே, சுண்ணாம்புப் படுகையின் துளைகளில் மறைந்துபோகிறது. கோடையில் ஆற்றின் படுகையே வறண்டு கிடக்கும். சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே ஆஹ் என்ற பெரிய ஊற்று பொங்குகிறது. ஊற்று நீரை நம்பி ஆலை நடத்தியவர்களுக்கும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தவர்களுக்கும் இது யாருடைய தண்ணீர் என்று தகராறு. அடோல்ஃப் நோப் என்ற புவியியல் பேராசிரியர் டான்யூப்பின் துளைகளில் டன் கணக்கில் உப்பையும், 10 கிலோ பச்சைச் சாயத்தையும் கொட்டச் செய்தார். ஏறத்தாழ 60 மணி நேரத்தில் ஆஹ் ஊற்று பச்சையாகப் பொங்கியது. கருங்கடலுக்குப் போக வேண்டிய நீர், தரைக்கடியில் திசை மாறி ரைன் ஆற்றின் வழியாக வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

12 கிலோமீட்டரை 60 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 200 மீட்டர். மணலில் நிலத்தடி நீர் நாளுக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்தாலே சுமாரான வேகம். அந்த வேகத்தில் இதே தூரத்தைக் கடக்க 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆயன்குளத்தைக் கொண்டாடுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த வேகத்தைத்தான். மண்ணிலும் மணலிலும் மெல்லக் கசியும் நீர் வடிகட்டப்படுகிறது. கிருமிகள் செத்துப்போகவும் அதற்கு அவகாசம் இருக்கிறது. குகைப் பாதையில் ஓடும் நீருக்கு இந்த இரண்டும் இல்லை. மேலே வாய்க்காலில் எது மிதந்து வந்ததோ, அதுவே சில நாளில் யாருடைய குடிநீர்க் கிணற்றிலோ வந்து நிற்கும். கனடாவின் வாக்கர்டன் நகரில் 2000 மே மாதம் பெய்த பெருமழை, பண்ணைச் சாணத்தின் கிருமிகளை நகராட்சியின் ஆழமில்லாத கிணறு ஒன்றுக்குள் கொண்டு சேர்த்தது. விரிசல் விட்ட பாறையில் தோண்டிய கிணறு அது. குளோரின் கலப்பதிலும் அலட்சியம் சேர்ந்துகொள்ள, சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள்.

தமிழர் நிலத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. வற்றாத ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. மழை பாறைக்குள் இறங்குவதும், அதைக் கிணற்றில் இறைத்துத் தோட்டம் செய்வதும்தான் அந்த மண்ணின் வாழ்வு. புத்தூருக்கு அருகில் உள்ள நிலாவரைக் கிணறு, ஊரெழுவில் உள்ள பொக்கணை இவையெல்லாம் இயற்கையாகக் கூரை இடிந்து உண்டான நீர்க்குழிகள். நிலாவரையை இராமன் அம்பு எய்து உண்டாக்கினான் என்பது ஐதீகம். அதன் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் இருப்பது உப்புநீர். கடலோரச் சுண்ணாம்பு நிலத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதுதான். நன்னீர் எடை குறைவு, உப்புநீர் எடை கூடுதல் என்பதால், நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தால் அதற்கு அடியில் ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது ஒரு பழைய கணக்கு. மட்டம் ஒரு மீட்டர் குறைந்தால் உப்பு 40 மீட்டர் மேலேறும். நாடாவில் ஒரு மீட்டர் என்பது அங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

அந்தக் குடாநாட்டின் சுன்னாகத்தில் 2014, 2015 வாக்கில் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அங்கிருந்த அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்துவிட்டது என்று வழக்குப் போனது. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. எண்ணெய்க்கு முன்பிருந்தே உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் வரும் நைட்ரேட் யாழ்ப்பாணக் கிணறுகளில் பெரும் பிரச்சினை. எடுத்துக்கொள்வதில் தாராளமான பாறை, நல்லது கெட்டது பார்ப்பதில்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு, அது எதிர்த்திசையில் வருவது. பாறைக் குகை நீரால் நிரம்பியிருக்கும்போது அந்த நீரும் கூரையைத் தாங்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் தாங்கல் போய்விடும். 2010 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் கடுங்குளிர் வந்தது. ஸ்ட்ராபெர்ரி பயிரைப் பனியிலிருந்து காக்க, விவசாயிகள் பல நாள் இரவெல்லாம் நிலத்தடி நீரை இறைத்துத் தெளித்தார்கள். நீர்மட்டம் 18 மீட்டர் அளவுக்குச் சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தரை உள்வாங்கியது. வீடுகளும் சாலைகளும் சேதமாயின. ஆயன்குளத்தில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளம் கொட்டும்போது கிணற்றின் ஓரமண்ணும் சேர்ந்து உள்ளே இறங்கும் என்பதையும், குகைக்கு மேல் நிற்கிறோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தலாம்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. தாமிரபரணியின் உபரி வெள்ளத்தைக் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து திருப்பி, கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் திசையன்விளைப் பக்கத்து எம்.எல். தேரி வரை கொண்டுபோகும் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டது. பல முறை நின்று, பல முறை நகர்ந்து, 1,060 கோடி ரூபாயைத் தாண்டி, 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. சுமார் 75 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் அது. கடல்நீர் உட்புகுந்து கெட்டுவரும் அந்த வட்டாரத்துக்கு இந்த வெள்ளம் அரிய வாய்ப்பு. மழைக்காலத்தில் வீணாகக் கடலுக்குப் போவதாகச் சொல்லப்படும் நீரைச் சுண்ணாம்புப் பாறைக்குள் அனுப்புவது, அணை கட்டுவதைவிட மலிவு, ஆவியாகும் இழப்பும் இல்லை. நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் கலங்கல் வெள்ளத்தை அப்படியே கிணற்றில் விடுவதை அல்ல. வண்டல் பாதையை அடைக்கும், சாக்கடை கிணற்றைக் கெடுக்கும். முதல் மழையின் அழுக்கு நீரை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு வருவதை ஒரு படுகையில் தேக்கித் தெளியவைத்து, மணல் வடிகட்டி வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கும் முன்பாக, உள்ளே போகும் நீர் யார் வீட்டுக் கிணற்றில் எத்தனை நாளில் எழுகிறது என்று வரைபடமாகத் தெரிய வேண்டும்.

ஜவ்வாது மலைக்கு ஆயன்குளம் எந்த வகையிலும் முன்மாதிரி ஆகாது. ‘எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கிணறு தோண்டி வெள்ளத்தை விட்டால் என்ன?’ என்று கேட்பவர்களுக்குப் பதில், அது சில மணி நேரத்தில் நிரம்பி வழியும் என்பதுதான். மூன்று சதவீத இடம் மட்டுமே உள்ள மொரம்பில் நீரை ஒரே இடத்தில் கொட்டிப் பயனில்லை. சரிவெங்கும் பரவலாக, மெதுவாக இறக்க வேண்டும். ஓடைகளில் சிறு கல்தடுப்புகள், வயலுக்கு வரப்பு, ஊற்றுக்கண்ணுக்கு மேற்புறம் காட்டை வெட்டாமல் விடுவது என்று பெருமை பேச முடியாத வேலைகள் அவை. காணொளிக்கு ஏற்றவையும் அல்ல.

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும், அது அளவுக் கணக்கு. ஆந்திரத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு நடந்த விவசாயிகளின் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டத்தில், வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களின் அறுநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் விவசாயிகளே தங்கள் கிணறுகளை முறைவைத்து அளந்தார்கள். மழையையும் அவர்களே அளந்தார்கள். இவ்வளவு நீர் இருக்கிறது, எனவே இந்தப் பருவத்தில் என்ன பயிர் வைக்கலாம் என்று ஊர் கூடிக் கணக்குப் போட்டார்கள். பட்டம் பெற்ற நிபுணர்கள் செய்வதாக நினைத்திருந்த வேலையை, பள்ளிக்கூடம் போகாத பெண்களும் அதில் செய்தார்கள்.

திசையன்விளை வட்டாரத்தின் ஊராட்சிகள் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்கலாம். ஆயன்குளத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிணறுகளைத் தேர்ந்துகொண்டு, மழைக்கு முன், வெள்ளம் இறங்கும்போது, நின்ற பின் என்று மட்டத்தையும் உப்பையும் அளந்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதிவைக்கட்டும். தேவைப்படுவது ஒரு நாடா, ஓர் உப்புமானி, ஒரு நோட்டு, மோட்டாரை நிறுத்திவைக்கச் சம்மதிக்கும் பத்து விவசாயிகள்.